சராசரி ஒன்று, இரைச்சல் வேறு: துடிப்பின் வடிவம் எலக்ட்ரான் எண்ணிக்கையை ஏன் மாற்றுகிறது?

மீனலோசனி

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குவாண்டம் பாயிண்ட் கான்டாக்ட் (கடத்தியில் உள்ள மிகக் குறுகிய வாயில்) வழியாக எலக்ட்ரான்கள் கடப்பதைக் கணினியில் கணக்கிடுவதுதான் என் ப்ராஜெக்ட். ஒரு பக்க மின்முனையில் நேரத்தோடு மாறும் மின்னழுத்தம் கொடுக்கிறேன். மூன்று வடிவங்களை எடுத்துக்கொண்டேன்: சைன் அலை, சதுர அலை, லாரன்ட்சியன் துடிப்புகள் (நடுவில் கூம்பி, இருபுறமும் மெல்லத் தேயும் வடிவம்). மூன்றுக்கும் ஒரு சுற்றில் மின்னழுத்த வளைவின் கீழ் வரும் பரப்பு ஒன்றேதான்.

முதல் சந்தேகம்: சராசரி மின்னோட்டம் மூன்றிலும் இம்மி பிசகாமல் ஒன்றாக வருகிறது. இரைச்சல் மட்டும் மூன்று விதமாக வருகிறது. ஏன்?

இரண்டாவது: லாரன்ட்சியன் வடிவத்தில் துளைகளே (எலக்ட்ரான் இருக்க வேண்டிய இடத்தில் விழும் காலியிடங்கள்) உருவாகாது என்று படித்தேன். எனக்கு உருவாகின்றன. சைன் அலைக்கு ஒரு சுற்றுக்கு 0.031 துளை. லாரன்ட்சியனுக்கு அதைவிட வேறுபட்ட ஓர் எண் வருகிறது, ஆனால் சுழி வரவே இல்லை. வெப்பநிலையைச் சுழி என்றுதான் வைத்திருக்கிறேன். மூன்று நாளாக நிரலை வரி வரியாகப் பார்த்துவிட்டேன், தப்பு எங்கே என்று பிடிபடவில்லை.

ஒலிப்பெட்டி

நான் வால்வு ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவன். உங்கள் குவாண்டம் எனக்குத் தெரியாது, ஆனால் இரைச்சலோடுதான் என் பிழைப்பு. இந்தக் கதை எங்கள் வால்வில்தான் தொடங்கியது. 1918-இல் வால்டர் ஷாட்கி, வெற்றிடக் குழாயில் ஓடும் மின்னோட்டம் துளித் துளியாக விழுவதால் அதில் ஒரு நடுக்கம் இருந்தே தீரும் என்று காட்டினார். ஒரு ஹெர்ட்ஸ் பட்டைக்கு, எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இரு மடங்கை மின்னோட்டத்தால் பெருக்கினால் இரைச்சலின் அளவு வந்துவிடும். 1 மில்லி ஆம்பியர் ஓடினால், வர்க்கமூலம் எடுத்தபின், ஒரு ஹெர்ட்ஸுக்குச் சுமார் 18 பிக்கோ ஆம்பியர். தகர ஓட்டில் மழை விழும் சத்தம் மாதிரி. சிறு ஈயக் குண்டுகள் (ஷாட்) கொட்டுவது போன்றது என்பதால்தான் அதற்கு ஷாட் இரைச்சல் என்று பெயர்.

என் கேள்வி இது: அந்தச் சூத்திரத்தில் சராசரி மின்னோட்டத்தைத் தவிர வேறு எதுவுமே இல்லை. அப்படியிருக்க, சராசரி ஒன்றாக இருந்தும் தங்கைக்கு இரைச்சல் எப்படி மாறும்?

நெய்தல்

மீனலோசனி, நல்ல இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள். நான் குளிர்நிலை ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் இருக்கிறேன், இதே துறைதான். முதலில் ஒலிப்பெட்டி அண்ணன் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

ஷாட்கியின் சூத்திரம், ஒரு எலக்ட்ரான் கிளம்புவது இன்னொன்றுக்குத் தெரியாத நிலையில் மட்டுமே சரி. சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் எப்போதோ ஒன்று, அங்கொன்று இங்கொன்று என்று கிளம்புகின்றன. அது பாய்சான் பரவல்: சராசரியும் மாறுபாடும் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு, அதாவது இரைச்சல்) ஒன்றே. குளிர்ந்த கடத்தியில் கதை வேறு. அங்கே பௌலி தவிர்ப்புத் தத்துவம் எலக்ட்ரான்களை வரிசையில் நிறுத்திவிடுகிறது. ஒரு நிலையில் இரண்டு பேர் உட்கார முடியாது. எனவே மின்முனையிலிருந்து அவை ஒழுங்கான இடைவெளியில் புறப்படுகின்றன. எத்தனை என்று கேட்டால், 1 மில்லிவோல்ட் கொடுத்தால் ஒரு தடத்தில் (எலக்ட்ரான் அலை போகும் ஒரு பாதை) ஒரு ஸ்பினுக்கு ஒரு நானோ நொடியில் சுமார் 242. இந்த எண்ணைத் தீர்மானிப்பவை எலக்ட்ரானின் மின்னூட்டமும் பிளாங்க் மாறிலியும் மட்டுமே. கடத்தி எந்தப் பொருளால் ஆனது என்பதே இதில் வராது. எனக்கு இன்றும் இது வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆக, வரிசை ஒழுங்காக வருகிறது. சீட்டுக் குலுக்குவது நடுவில் இருக்கும் தடுப்புதான். ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குறிப்பிட்ட நிகழ்தகவோடு கடக்கும், இல்லையென்றால் திரும்பிவிடும். 100 எலக்ட்ரான் வருகிறது என்று வையுங்கள். கடக்கும் நிகழ்தகவு 0.1 என்றால் சராசரி 10, மாறுபாடு 9. ஏறக்குறைய ஷாட்கி சொன்னதுதான். நிகழ்தகவு 0.9 என்றால் சராசரி 90, மாறுபாடு அதே 9. ஷாட்கி சூத்திரப்படி 90 வந்திருக்க வேண்டும்! நிகழ்தகவு 1 என்றால் மாறுபாடு சுழி. எல்லாமே கடக்கிறது, குலுக்கலே இல்லை.

இதை இயற்பியலாளர் லெசோவிக் 1989-இல் எழுதினார். 1995-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலும், 1996-இல் பிரான்சின் சக்லேயிலும் பாயிண்ட் கான்டாக்டில் அளந்து காட்டினார்கள். தடம் முழுதாகத் திறக்கும் இடத்தில் எல்லாம் இரைச்சல் பள்ளமாக இறங்கியது.

கணக்குவாத்தியார்

பணி ஓய்வு பெற்ற புள்ளியியல் ஆசிரியர் நான். நெய்தல் சொல்வது அப்பட்டமான ஈருறுப்புப் பரவல். என் மாணவர்களுக்கு நாணயம் சுண்டிக் காட்டியதை இயற்கை ஒரு கம்பிக்குள் செய்கிறது என்று நினைக்கவே மனம் நிறைகிறது.

ஆனால் ஓர் உறுத்தல். "எத்தனை கடந்தன" என்று சொல்வதற்கு யாராவது எண்ண வேண்டுமே? குவாண்டம் அமைப்பில் எண்ணுகிறவரே அமைப்பைக் கலைத்துவிடுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் இந்தப் பரவல் என்பது எதன் பரவல்?

நெய்தல்

ஐயா, நீங்கள் கேட்டது இந்தத் துறையின் முதல் கேள்வி. லெவிடோவும் லெசோவிக்கும் 1992-இல் இதில் இறங்கியபோது அவர்களே இங்கேதான் தடுமாறினார்கள். கடந்த மின்னூட்டம் என்றால் மின்னோட்டத்தை நேரத்தில் தொகைப்படுத்தினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி வரையறுத்தால் வரும் விடை முழு எண் எலக்ட்ரான்களாக வருவதில்லை. வெவ்வேறு நேரத்து மின்னோட்டங்கள் குவாண்டம் கணக்கில் ஒன்றோடொன்று இடம் மாறாதவை என்பதுதான் சிக்கல்.

வழி 1993-இல் வந்தது. கம்பிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பின்னை வையுங்கள். எலக்ட்ரான் கடக்கும்போதெல்லாம் அதன் காந்தப்புலம் ஸ்பின்னை ஒரு சிறு கோணம் திருப்பும். கடைசியில் ஸ்பின் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்தால் எத்தனை கடந்தன என்று தெரியும். எண்ணுகிறவரையும் கணக்குக்குள் கொண்டுவந்ததும் விடை முழு எண்களாக வந்தது. நீங்கள் சொன்ன ஈருறுப்புப் பரவல் அப்படிப் பிறந்ததுதான். இதைத்தான் முழு எண்ணிக்கைப் புள்ளியியல் என்கிறோம். சராசரி, மாறுபாடு என்று இரண்டோடு நிற்காமல், 0 கடக்க என்ன வாய்ப்பு, 1 கடக்க என்ன வாய்ப்பு என்று பரவல் முழுவதையும் ஓர் உருவாக்கும் சார்புக்குள் அடக்குவது.

கணக்குவாத்தியார்

மிக்க நன்றி. எண்ணுகிறவரைக் கணக்கில் சேர்த்ததும் எண்கள் முழுமையானது என்பதை இன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருப்பேன்.

மீனலோசனி

நெய்தல் அக்கா, மாறா மின்னழுத்தம் வரை புரிந்தது. என் கணக்கில் மின்னழுத்தம் ஆடுகிறது. அங்கே வரிசை என்ன ஆகும்?

நெய்தல்

அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், பொறுமையாகவே சொல்கிறேன்.

மின்முனையில் இருப்பது ஃபெர்மி கடல். ஒரு மட்டம் வரை எல்லா நிலைகளும் நிரம்பி, மேலே காலி. மின்னழுத்தத்தை ஆட்டுவது ஒவ்வொரு எலக்ட்ரான் அலைக்கும் ஒரு கட்டக் காரணியை (அலை தன் ஆட்டத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மாற்றும் பெருக்கி) ஒட்டிவிடுவது போல. அந்தக் காரணியை அதிர்வெண்களாகப் பிரித்துப் பாருங்கள். சில கூறுகள் எலக்ட்ரானை மேல் ஆற்றலுக்குத் தூக்கும், சில கீழே தள்ளும். மேலே தூக்கினால் மட்டத்துக்கு மேல் ஓர் எலக்ட்ரான். கீழே தள்ளும் கூறுகள் இருந்தால் மட்டத்துக்குக் கீழே துளை விழும். எலக்ட்ரானும் துளையும் சோடியாக உருவானால் நிகர மின்னூட்டம் சுழி. எனவே சராசரி மின்னோட்டத்துக்கு அந்தச் சோடி இருப்பதே தெரியாது. ஆனால் தடுப்பில் இரண்டும் தனித்தனியாகக் குலுக்கலுக்கு உள்ளாகும். இரைச்சல், எலக்ட்ரான் எண்ணிக்கையையும் துளை எண்ணிக்கையையும் கூட்டி, கடக்கும் நிகழ்தகவாலும் திரும்பும் நிகழ்தகவாலும் பெருக்கினால் வரும். சராசரியில் கழித்தல், இரைச்சலில் கூட்டல். உங்கள் முதல் சந்தேகத்துக்கு இதுதான் விடை.

நானே இப்போது ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். சுழி வெப்பநிலை, ஒரு சுற்றில் சரியாக ஒரு மின்னூட்டம், மின்னழுத்தம் சுழிக்கும் உச்சத்துக்கும் நடுவே ஆடுகிறது. சைன் அலைக்கு ஒரு சுற்றுக்கு 0.014 துளை. சதுர அலைக்கு 0.054. சதுரத்தின் விளிம்பு செங்குத்தாக ஏறுவதால் கலக்கமும் அதிகம். உங்களுக்குச் சைனில் 0.031 என்கிறீர்கள். அந்த எண்ணை மனதில் வையுங்கள், அதில்தான் உங்கள் தப்பு ஒளிந்திருக்கிறது.

சரி, லாரன்ட்சியன். இது 1996-இல் லெவிடோவ், லீ, லெசோவிக் மூவரும் கண்டது. லாரன்ட்சியன் துடிப்பின் பரப்பைச் சரியாக ஒரு மின்னூட்டத்துக்கு வைத்தால், கட்டக் காரணி இரண்டு எளிய கோவைகளின் விகிதமாக வந்துவிடும். நேரத்தைச் சிக்கலெண் தளத்தில் விரித்தால் அதற்கு ஒரே ஒரு முனைதான் (சார்பு முடிவிலிக்குப் போகும் புள்ளி), அதுவும் ஒரே பக்கத்தில். முனை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அதிர்வெண்களும் ஒரு பக்கம் மட்டுமே. மேலே தூக்கும் கூறுகள் மட்டும் மிஞ்சும், கீழே தள்ளுவது ஒன்றுகூட இல்லை. கடலின் மேல் ஒற்றை எலக்ட்ரான், கீழே சலனமே இல்லை. தடுப்பில் அது ஒரே ஒரு நாணயச் சுண்டல். இதைவிடச் சுத்தமான எண்ணிக்கை கிடையாது.

17 ஆண்டு கழித்து, 2013-இல், சக்லேயில் கிரிஸ்டியன் கிளாட்லி குழு இதை ஆய்வகத்தில் செய்து காட்டியது. அந்தத் துடிப்புக்கு லெவிடோவின் பெயராலேயே லெவிடான் என்று பெயர் வைத்தார்கள். வேலை எவ்வளவு நுணுக்கமானது என்றால், 100 பிக்கோ நொடித் துடிப்பில் ஒரு மின்னூட்டம் வேண்டுமென்றால் மின்னழுத்தம் சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். அறை வெப்பநிலையில் இருக்கும் கருவியிலிருந்து அந்த வடிவம் குலையாமல் கேபிள் வழியாக மில்லிகெல்வின் குளிருக்குள் போய்ச் சேர வேண்டும். 50 மில்லிகெல்வின் வெப்பமே 1 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டானின் ஆற்றலுக்குச் சமம். ஆகவே துடிப்பு பல கிகாஹெர்ட்ஸில் இருந்தால்தான் வெப்பத்தின் கலக்கத்தை மீறித் தெரியும். நான் ஒருமுறை ஒரு துடிப்பைச் சரிசெய்யவே இரண்டு மாதம் செலவழித்தேன். கேபிளில் ஒவ்வொரு அதிர்வெண்ணும் வெவ்வேறு அளவில் தேய்ந்து போகும். அதை ஈடுகட்டி மேலேயே கோணலான வடிவமாக அனுப்பினால்தான் கீழே நேரான வடிவம் வந்து சேரும்.

வெண்ணிலவன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மின்னோட்ட அளவியல் பக்கம் வேலை பார்க்கிறேன், அதாவது ஒரு சுற்றுக்கு ஒரு எலக்ட்ரானை எண்ணித் தள்ளும் ஒற்றை எலக்ட்ரான் பம்ப்புகள். நெய்தல் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. "இதைவிடச் சுத்தமான எண்ணிக்கை கிடையாது" என்கிறீர்கள். எண்ணிக்கையில் சுத்தம் வேண்டுமென்றால் பம்ப்தான்.

2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று நிலையாக வரையறுக்கப்பட்டுவிட்டது. இனி ஆம்பியர் என்பதே எண்ணும் வேலை. ஒரு சுற்றுக்கு ஒரு எலக்ட்ரான் வீதம், நொடிக்கு நூறு கோடி சுற்று ஓட்டினால் 160.2 பிக்கோ ஆம்பியர். இதில் எத்தனை சுற்று தவறுகிறது என்பதுதான் எங்கள் தலைவலி முழுவதும். 1996-இலேயே அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகத்தில் ஏழு சந்திகள் (எலக்ட்ரான் ஊடுருவும் மெல்லிய தடுப்புகள்) கொண்ட பம்ப்பில் பிழையை நூறு கோடி சுற்றுக்குச் சுமார் 15 என்று கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அது மெதுவாகத்தான் ஓடும். வேகமான பம்ப்பில் 2012-இல் பிரிட்டனின் தேசிய அளவியல் ஆய்வகமான என்பிஎல் 945 மெகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்துக்கு 1.2 என்ற அளவுக்கு வந்தது. 2015-இல் ஜெர்மனியின் அளவியல் நிறுவனமான பிடிபி 0.2 வரை இறக்கியது.

லெவிடான் அழகுதான். ஆனால் தடுப்பில் பட்டதும் கடக்குமா திரும்புமா என்பது குலுக்கல். பம்ப்பில் அந்தக் குலுக்கலே கிடையாது.

நெய்தல்

வெண்ணிலவன், நியாயமான ஆட்சேபம். நான் சொன்ன சுத்தம் கடலில் கலக்கமில்லாத சுத்தம், நீங்கள் சொல்வது எண் தவறாத சுத்தம். இரண்டும் வேறு என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் பக்கமும் ஒன்று உண்டு. சுற்றுக்குச் சரியாக ஒரு எலக்ட்ரான் என்றால் நீண்ட நேர எண்ணிக்கையில் இரைச்சல் சுழி, சரி. எப்போது கிளம்பியது? பாரிஸில் 2007-இல் ஃபெவ் குழு செய்த ஒற்றை எலக்ட்ரான் மூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குவாண்டம் புள்ளியின் (எலக்ட்ரான்களை அடைத்து வைக்கும் நுண்ணிய பெட்டி) மின்னழுத்தத்தைச் சடாரென்று உயர்த்தியதும் எலக்ட்ரான் வெளியே வருகிறது, ஆனால் உடனே வருவதில்லை, ஒரு சராசரிக் காலத்தைச் சுற்றிச் சிதறி வருகிறது. தாழ் அதிர்வெண்ணில் அமைதியாக இருக்கும் அதே மூலத்தை, ஆட்டும் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், இரைச்சல் இருக்கும். எண்ணிக்கையில் பிழை இல்லை, நேரத்தில் நடுக்கம் இருக்கிறது. அதனால்தான் எண்ணிக்கைப் பரவலோடு காத்திருப்பு நேரப் பரவலையும் பார்க்கிறார்கள்: ஒரு எலக்ட்ரானுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம்?

வெண்ணிலவன்

ஏற்கிறேன். எங்களுக்கு டிசி மின்னோட்டம் மட்டும் முக்கியம் என்பதால் நேர நடுக்கத்தைக் கண்டுகொள்வதில்லை. எலக்ட்ரானைத் தகவல் சுமக்க வைக்கிறவர்களுக்கு அதுதான் உயிர்.

ஆனால் சராசரி, மாறுபாடு இரண்டுக்கும் அடுத்து, பரவலின் வடிவத்தைச் சொல்லும் மூன்றாவது, நான்காவது என்று மேல் படி எண்களைத் துரத்துவது எதற்கு? மாறுபாட்டுக்கு மேல் எதுவும் அளக்க முடியாது என்றே பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நெய்தல்

அளந்திருக்கிறார்கள். 2003-இல் யேலில் ரெயூலே, சென்சியே, ப்ரோபர் மூவரும் டனல் சந்தியில் மூன்றாவதை, அதாவது பரவலின் கோட்டத்தை, அளந்தார்கள். அதில் கிடைத்த பாடம்தான் எனக்குப் பிடித்தது. மூன்றாவது எண்ணில் சந்தி மட்டும் பேசவில்லை, அதை இணைத்த மின்சுற்றும் சேர்ந்து பேசியது. சந்தியின் நடுக்கம் மின்சுற்றில் மின்னழுத்தத்தை ஆட்டி, அது திரும்பி வந்து சந்தியையே ஆட்டுகிறது. மாறுபாட்டை மட்டும் பார்த்தவர்களுக்கு இது இந்த அளவுக்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு வழி ஒவ்வொன்றாக எண்ணுவது. குவாண்டம் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பாயிண்ட் கான்டாக்ட் வைத்தால், உள்ளே எலக்ட்ரான் வந்ததும் அதன் மின்னோட்டம் ஒரு படி இறங்கும், போனதும் ஏறும். திரையில் அந்த ஏற்ற இறக்கத்தை முதன்முதலில் நேரில் பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை. ஒரு படி இறங்கினால் ஓர் எலக்ட்ரான். சூரிக்கின் இடிஎச் பல்கலைக்கழகத்தில் 2006-இல் இப்படித்தான் எண்ணினார்கள். இருபக்கத் தடுப்பும் சமமாக இருந்தால் மாறுபாடு சராசரியில் பாதி, மூன்றாவது எண் கால் பங்கு. கோட்பாடு சொன்னது அப்படியே வந்தது. 2009-இல் ஹனோவரில் இன்னும் மேலே போய், பதினைந்தாவது எண் வரை எடுத்து, அவை நேரத்தில் ஊசலாடுவதைக் காட்டினார்கள். ஆனால் அந்தச் சோதனைகளில் உணரியின் வேகம் கிலோஹெர்ட்ஸ் அளவுதான். கிகாஹெர்ட்ஸில் பறக்கும் லெவிடானை இப்படி எண்ண முடியாது, அங்கே இன்றும் இரைச்சலை வைத்துத்தான் ஊகிக்கிறோம்.

கணக்குவாத்தியார்

ஒரே ஒரு கேள்வி, பிறகு தொந்தரவு செய்யமாட்டேன். மின்னழுத்தத்தை எப்படி வேண்டுமானாலும் ஆட்டுகிறோம், துளைகளும் சோடிகளும் உருவாகின்றன. அப்போதும் அது தனித்தனி நாணயச் சுண்டல்களாகப் பிரியுமா? இல்லை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளுமா?

நெய்தல்

ஐயா, இதற்குத் துல்லியமான விடை உண்டு, உங்களுக்குப் பிடிக்கும். அபனோவும் இவானோவும் 2008-இல் நிறுவினார்கள். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளாதவரை, இரு மின்முனைகளுக்கு நடுவே தடுப்பை எப்படி ஆட்டினாலும், உருவாக்கும் சார்பின் மூலங்கள் எல்லாம் எதிர்க்குறி மெய்யெண் கோட்டிலேயே விழும். அப்படி விழுந்தால் அந்தக் கோவையை நேரியல் காரணிகளாக உடைக்கலாம். ஒவ்வொரு காரணியும் ஒரு சுண்டல், ஒவ்வொன்றுக்கும் தனி நிகழ்தகவு. எவ்வளவு சிக்கலாக ஆட்டினாலும் அடியில் இருப்பது தனித்தனி நாணயங்கள்தான், நாணயங்கள் மட்டும் ஒன்றுபோல இருக்காது. மூலம் கோட்டைவிட்டு விலகினால் எலக்ட்ரான்களுக்குள் இடைவினை இருக்கிறது என்று அர்த்தம்.

மீனலோசனி

கண்டுபிடித்துவிட்டேன்!

அக்கா அந்த 0.031-ஐ மனதில் வைக்கச் சொன்னதும் சராசரியை மறுபடி பார்த்தேன். ஒரு சுற்றுக்கு 0.5 மின்னூட்டம் வந்துகொண்டிருந்தது. ஸ்பின் இரண்டு என்பதால் பாதியாக வருகிறது போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். உண்மையில் பரப்புக்கு நான் போட்டிருந்த மாறிலி 2.068 × 10⁻¹⁵ வோல்ட் நொடி. அது மீகடத்திகளின் காந்தப் பாயக் குவாண்டம். அங்கே இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்த கூப்பர் சோடி, மின்னூட்டம் இரண்டு. இங்கே வேண்டியது அதன் இரு மடங்கு, 4.136 × 10⁻¹⁵. மாறிலிகளின் பட்டியலிலிருந்து எடுக்கும்போது தவறான வரியை எடுத்திருக்கிறேன்.

மாற்றியதும் சைனுக்கு 0.014, சதுரத்துக்கு 0.054. அக்கா தாளில் போட்ட அதே எண்கள். லாரன்ட்சியனுக்கு 10⁻¹² அளவில் கணினியின் வட்டமிடல் பிழை மட்டும்தான் மிச்சம். கையெல்லாம் நடுங்கியது.

ஒன்று மட்டும் இன்னும் கேட்க வேண்டும். அரை மின்னூட்டத்தில் துளை அதிகமாவது ஏன்? பாதி தள்ளினால் பாதிக் கலக்கம்தானே வரவேண்டும்?

நெய்தல்

வாழ்த்துகள் மீனலோசனி! அந்த மாறிலியில் சறுக்கியவர்கள் நிறையப் பேர்.

கேள்விக்கு வருகிறேன். ஒற்றைத் துடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு முழு மின்னூட்டம் என்றால் கட்டம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். துடிப்புக்கு முந்தைய கடலும் பிந்தைய கடலும் ஒன்றேதான். அரை மின்னூட்டம் என்றால் கட்டம் பாதிச் சுற்றில் நின்றுவிடும். துடிப்பு போன பிறகும் முன்னே இருந்த அலைக்கும் பின்னே வந்த அலைக்கும் நடுவே ஒரு படி நிரந்தரமாக நிற்கும். அந்தப் படியைத் தாங்கக் கடல் ஏராளமான சிறு ஆற்றல் சோடிகளை உருவாக்குகிறது. எவ்வளவு நேரம் அளந்தாலும் அவை மடக்கை வேகத்தில் கூடிக்கொண்டே போகும். 1967-இல் இயற்பியலாளர் ஆண்டர்சன் சொன்ன செங்குத்துப் பேரழிவுக்கு (ஒரு சிறு மாற்றமே கடல் முழுவதையும் வேறு நிலையாக்கிவிடுவது) இது உறவுமுறை. உங்கள் கணக்கில் துடிப்புகள் திரும்பத் திரும்ப வருவதால் அது முடிவிலிக்குப் போகாமல் 0.031 என்று நின்றது.

அடுத்து இதைச் செய்யுங்கள்: பரப்பை 0-இலிருந்து 3 மின்னூட்டம் வரை சிறு சிறு படியாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் துளை எண்ணிக்கையை வரைபடமாகப் போடுங்கள். லாரன்ட்சியன் 1, 2, 3-இல் தரையைத் தொட்டுத் தொட்டு எழும். சைன் அங்கெல்லாம் தாழும், ஆனால் தொடாது. வரைந்ததும் இங்கே போடுங்கள், நாங்களும் பார்க்கிறோம்.

மீனலோசனி

இப்போதே ஓடவிட்டிருக்கிறேன் அக்கா. 300 புள்ளிகள். விடியற்காலை முடியும்.

ஒலிப்பெட்டி

படத்துக்காக நானும் காத்திருக்கிறேன் தங்கச்சி. சதுர அலையையும் அதே தாளில் போடுங்கள்.